நூற்றுக்கு 96 என்ற செய்தியும் 'பரிசோதனை' என்ற சொல்லும்: சிறுவர் குருதிப் புற்றுநோய் ஆய்வுகளை விளங்கிக்கொள்ளல்

குருதிப் புற்றுநோய்க்குள்ளான பிள்ளைகளில் நூற்றுக்கு 96 பேரைக் காப்பாற்றும் மருந்து வந்துவிட்டது என்று ஒரு செய்தி பரவும்போது, திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலோ கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ அந்த நோயுள்ள பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்கு முதலில் எழும் கேள்வி, அந்த மருந்து ஏன் எங்கள் பிள்ளைக்குக் கொடுக்கப்படவில்லை என்பதாகும். அதே பெற்றோரிடம் வைத்தியசாலையில் ஒருவர் படிவத்தைக் காட்டி, பிள்ளையை ஓர் ஆய்வில் சேர்த்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டால், எழும் கேள்வி அதற்கு நேர் எதிரானது: பிள்ளையை வைத்துப் பரிசோதனை செய்யப் போகிறார்களா? இரண்டு கேள்விகளும் நியாயமானவை. ஆயினும் முதற் கேள்வியிலுள்ள மருந்து, இரண்டாவது கேள்வி அஞ்சும் அதே வழியால்தான் வந்தது. இந்தத் தொடர்பு தெரியாதபோது பெற்றோர் தேவையற்ற நம்பிக்கைக்கும் தேவையற்ற பயத்துக்கும் இடையில் அலைக்கழிகிறார்கள்.

ஒரே சொல், மூன்று பொருள்கள்

குழப்பத்தின் ஒரு பகுதி எமது சொல்லிலேயே இருக்கிறது. குருதி எடுத்துப் பார்ப்பதையும் பரிசோதனை என்கிறோம். வைத்தியர் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதும் பரிசோதனை. ஆய்வுகூடத்தில் எலிகளில் மருந்தைச் செலுத்திப் பார்ப்பதும் பரிசோதனைதான். ஆகவே 'மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்துதல்' என்று படிவத்தில் எழுதப்பட்டிருந்தால், அதை வாசிக்கும் தாய் தனக்குத் தெரிந்த பொருள்களுள் மிகவும் அச்சந்தருவதையே எடுத்துக்கொள்வது இயல்பு. இந்தக் கட்டுரையில், நோயுள்ளவர்களின் சம்மதத்துடன், முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்ற திட்டத்தின்படி, ஒரு சிகிச்சை பலன் தருகிறதா, தீங்கு தருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது 'சிகிச்சை ஆய்வு' என்று அழைக்கப்படும். குருதிப் பரிசோதனையை அந்தப் பெயராலேயே குறிப்பிடுவோம்.

நோயும் இன்றைய சிகிச்சையும்

சிறுவர்களுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகவும் அதிகமாகக் காணப்படுவது கடுமையான நிணநீர்க்கலக் குருதிப் புற்றுநோய். என்பு மச்சையில் முதிர்ச்சியடைய வேண்டிய ஒருவகை வெண்குருதிக் கலங்கள் முதிராமலே பெருகி, செங்கலங்களும் குருதிச் சிறுதட்டுகளும் உருவாக இடமில்லாமற் செய்துவிடுகின்றன. அதனால் பிள்ளை வெளிறிப்போகிறது, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, காரணமில்லாமல் உடலில் கண்டல்கள் தோன்றுகின்றன, கால் நோகிறது என்று அழுகிறது. இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் இந்நோய் உச்சமாகக் காணப்படுகிறது. இது தொற்றுவதில்லை, பெற்றோர் கொடுத்த உணவாலோ செய்த தவறாலோ வருவதுமில்லை.

சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். முதற் சில வாரங்களில் புற்றுக் கலங்களை நுணுக்குக்காட்டிக்குத் தெரியாத அளவுக்குக் குறைக்கிறார்கள். அதன்பின் சில மாதங்கள் கடுமையான ஊசி மருந்துகள். முதுகுத்தண்டுத் திரவத்துக்குள்ளும் மருந்து செலுத்தப்படும். கடைசிக் கட்டம் மிகவும் நீண்டது: நாள்தோறும் ஒரு மாத்திரையும் வாரத்துக்கு ஒருமுறை இன்னொரு மாத்திரையும் வீட்டிலேயே கொடுக்கப்படும். மஹரகமையிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுவரும் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும் மருந்து, அளவு, நாள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பின்னால், எங்கோ ஒரு நாட்டில் முன்னர் ஆய்வில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

1948 இலிருந்து வந்த பாதை

1948 ஆம் ஆண்டுக்கு முன் இந்த நோய் கண்ட பிள்ளை சில மாதங்களில் இறந்துவிடும் என்பதே நிலை. அந்த ஆண்டு பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் வைத்தியர், அமினோப்ரெரின் என்ற மருந்தைப் பெற்ற 16 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. எனினும் அது நிலைக்கவில்லை. இந்த மருந்தின் பின்னணி கவனிக்கத்தக்கது. போலிக் அமிலம் என்ற விற்றமினைக் கொடுத்தபோது புற்றுக் கலங்கள் மேலும் விரைவாகப் பெருகுவதாக ஃபார்பருக்குத் தோன்றியது. அப்படியானால் அந்த விற்றமினின் வேலையைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். அத்தகைய பொருள்களை உருவாக்கிய மருந்து நிறுவனக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். இன்று வாரம் ஒருமுறை கொடுக்கப்படும் மெதோட்றெக்சேற் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மருந்தே.

ஒரு மருந்து சில வாரங்களே தாக்குப்பிடித்ததால் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. எங்கள் கோயில் வளவுகளிலும் வீட்டு முற்றங்களிலும் பூக்கும் பட்டிப்பூ, அதாவது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்டின், அந்த மருந்துகளுள் ஒன்று. 1962 இல் மெம்பிஸ் நகரில் தொடங்கப்பட்ட புனித யூதா சிறுவர் ஆராய்ச்சி வைத்தியசாலையில் டொனால்ட் பிங்கெல் ஒன்றன்பின் ஒன்றாக ஆய்வுகளை நடத்தினார். மருந்துகள் எட்டாத மூளையிலும் முதுகுத்தண்டிலும் புற்றுக் கலங்கள் ஒளிந்திருந்து திரும்பி வருவதை அவரது குழு கண்டது. 1960 களின் இறுதியில் தொடங்கிய ஐந்தாவது ஆய்வில் தலைக்குக் கதிர்ச் சிகிச்சையும் முதுகுத்தண்டு ஊசியும் சேர்க்கப்பட்டபோது ஏறத்தாழ அரைவாசிப் பிள்ளைகள் நோயின்றி நிலைத்தனர்.

அதன்பின் நடந்ததை ஆய்வின் பெருமைமிக்க பகுதியாகவே நான் கருதுகிறேன். தலைக்குக் கொடுத்த கதிர் பிள்ளையைக் காப்பாற்றியது. ஆனால் கற்கும் ஆற்றலையும் வளர்ச்சியையும் பாதித்தது, பிற்காலத்தில் வேறு கட்டிகளுக்கும் காரணமாயிற்று. ஆகவே கதிரைக் குறைத்தும், பின்னர் முற்றாக விட்டும் பார்க்கும் ஆய்வுகள் நடந்தன. 2009 இல் வெளியான, அதே மெம்பிஸ் வைத்தியசாலையின் பதினைந்தாவது ஆய்வு, ஏனைய மருந்துகள் சரியாக அமைந்தால் தலைக்குக் கதிர் கொடுக்காமலே பெரும்பாலான பிள்ளைகளைக் குணப்படுத்தலாம் என்று காட்டியது. 2013 இல் பிரித்தானிய ஆய்வொன்று, ஆரம்பச் சிகிச்சைக்குப் பின் மிகக் குறைவான புற்றுக் கலங்களே எஞ்சியுள்ள பிள்ளைகளுக்கு, இரண்டு தடவை கொடுக்கப்பட்டு வந்த ஒரு கடுஞ்சிகிச்சைக் கட்டத்தை ஒரு தடவையாகக் குறைத்தாலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை என்று கண்டது. ஆய்வு என்றாலே புதிய மருந்தை ஏற்றிப் பார்ப்பது என்று எண்ணுவது தவறு. எதை விட்டுவிடலாம் என்று கண்டறிவதும் ஆய்வுதான், அதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் செய்ய முடியாது.

அனுபவம் மட்டும் ஏன் போதாது

மூத்த வைத்தியர் ஒருவருக்கு எது நல்லது என்று தெரியாதா, பிறகு ஏன் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு வேறொரு நோய்நிலையிலிருந்து பதில் தருவது பொருத்தம். கடும் காய்ச்சலோடு குருதியோட்டம் குன்றி வரும் பிள்ளைக்கு சேலைனை வேகமாக ஏற்றுவது உயிர்காக்கும் செயல் என்று உலகெங்கும் கற்பிக்கப்பட்டது. கென்யா, உகண்டா, தன்சானியா ஆகிய நாடுகளில் 3,141 பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2011 இல் வெளியாயிற்று. வேகமாக ஏற்றப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 10.5 பேர் 48 மணித்தியாலங்களுக்குள் இறந்தனர். அவ்வாறு ஏற்றப்படாதவர்களில் இறந்தோர் நூற்றுக்கு 7.3 பேர். ஆய்வு திட்டமிட்டதற்கு முன்னரே நிறுத்தப்பட்டது.

இந்த ஆய்வு வயிற்றோட்டத்தால் நீரிழந்த பிள்ளைகளைப் பற்றியதன்று, டெங்கு அதிர்ச்சியைப் பற்றியதுமன்று. அவற்றுக்கு இதைப் பொருத்திப் பார்த்துச் சேலைனை மறுப்பது பெரும் ஆபத்து. இங்கு சொல்ல வருவது வேறு. சேலைன் ஏற்றிய சில மணித்தியாலங்களில் பிள்ளையின் தோற்றம் தேறுவதை வாட்டில் நிற்கும் வைத்தியர் கண்ணால் கண்டிருப்பார். ஏற்றாமல் விட்டிருந்தால் இன்னும் கூடுதலான பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்பதை ஒரு வாட்டில் நின்று எவராலும் காண முடியாது. அதைக் காட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகளும் நேர்மையான ஒப்பீடும் வேண்டும்.

ஆய்வு நடக்கும் முறை

ஒரு புதிய மருந்து பிள்ளைகளிடம் வரும்போது பொதுவாக மூன்று கட்டங்களைக் கடக்கிறது.

1. முதற் கட்டத்தில், எவ்வளவு மருந்தைப் பிள்ளையின் உடல் தாங்கும் என்று பார்க்கிறார்கள். புற்றுநோய் மருந்துகளுக்கு இந்தக் கட்டத்தில் நலமாக உள்ள பிள்ளைகள் சேர்க்கப்படுவதில்லை. இருக்கும் சிகிச்சைகள் பயனளிக்காத பிள்ளைகளே சேர்க்கப்படுகிறார்கள். இங்கே பலன் கிடைக்கும் என்று எவரும் வாக்களிக்கக் கூடாது.

2. இரண்டாம் கட்டத்தில், அந்த அளவில் நோய் பின்வாங்குகிறதா என்று பார்க்கப்படுகிறது.

3. மூன்றாம் கட்டத்தில், இதுவரை இருந்தவற்றுள் சிறந்த சிகிச்சையோடு புதியது ஒப்பிடப்படுகிறது. எந்தப் பிள்ளை எந்தப் பிரிவுக்குப் போகும் என்பதை வைத்தியரோ பெற்றோரோ தீர்மானிப்பதில்லை. திருவுளச்சீட்டுப் போடுவதைப் போன்ற எழுமாற்று முறையில் கணினி தீர்மானிக்கிறது.

இந்த மூன்றாவது கட்டமே பெற்றோரை அதிகம் கலக்குகிறது. பிள்ளையின் உயிரைச் சீட்டுக் குலுக்கலில் விடுவதா என்று கேட்கிறார்கள். ஆனால் ஒரு பிரிவு மற்றையதைவிட நல்லது என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் அந்தக் குலுக்கலுக்கு அனுமதியே கிடையாது. உண்மையில் எவருக்கும் தெரியாத நிலை இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வைத்தியர் தானே தெரிவு செய்தால், தேறக்கூடியவர் என்று அவர் நினைக்கும் பிள்ளைகள் தம்மை அறியாமலே ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். பிறகு வரும் வேறுபாடு மருந்தால் வந்ததா, தெரிவால் வந்ததா என்று பிரிக்க முடியாது. சிறுவர் புற்றுநோய் ஆய்வுகளில் ஒப்பீட்டுப் பிரிவுக்குப் போகும் பிள்ளை சிகிச்சையின்றி விடப்படுவதில்லை. ஆய்வே நடக்காதிருந்தால் அதற்குக் கிடைத்திருக்கக்கூடிய முழுச் சிகிச்சையும் அதற்குக் கிடைக்கும். அத்துடன் ஆய்வை நடத்துபவர்களிடமிருந்து விலகிய ஒரு கண்காணிப்புக் குழு இடையிடையே தரவுகளைப் பார்த்து, ஒரு பிரிவு தெளிவாக முந்தினாலோ தீங்கு தெரிந்தாலோ நிறுத்தச் சொல்லும்.

நூற்றுக்கு 96: எங்கிருந்து வந்த எண்

2024 டிசம்பரில் வெளியான ஆய்வொன்றிலிருந்தே இந்த எண் வந்தது. பிளினட்டுமோமாப் என்ற மருந்து அதில் சோதிக்கப்பட்டது. இது கீமோ எனப்படும் வழமையான புற்றுநோய் மருந்துகளைப் போலப் பெருகும் கலங்களையெல்லாம் தாக்குவதில்லை. இரு கைகளுள்ள ஒரு புரதம் என்று இதைக் கற்பனை செய்யலாம்: ஒரு கை புற்றுக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள அடையாளத்தைப் பிடிக்கிறது, மறு கை பிள்ளையின் சொந்த நோயெதிர்ப்புக் கலத்தைப் பிடித்து அதன் அருகே இழுத்துவருகிறது. ஆய்வில் 1,440 பிள்ளைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். கீமோ மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளின் பின் நோயின்றி இருந்தோர் நூற்றுக்கு 87.9, இந்த மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 96.0. முதல் இடைக்காலக் கணக்கிலேயே வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால் பிள்ளைகளைப் பிரிப்பது முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. சிறந்த முடிவு இது, ஐயமில்லை. எனினும் எந்தச் செய்தியிலும் எண்ணைக் கண்டவுடன் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும்.

1. யாரிடம் பெறப்பட்ட எண்? பி, ரி என்ற இரு வகை நிணநீர்க்கலங்களுள் பி வகையிலிருந்து தோன்றிய நோயுள்ள, 'பொது ஆபத்து நிலை' என்று வைத்தியர்கள் வகைப்படுத்தும் பிள்ளைகளிடம் பெறப்பட்டது. ஒரு வயதுக்கு மேல் பத்து வயதுக்குள் இருப்பதும், நோய் கண்டபோது வெண்கல எண்ணிக்கை ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 50,000 க்குக் குறைவாக இருப்பதும் அந்த நிலைக்கான அடிப்படை அளவுகோல்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கோ ரி வகை நோயுள்ள பிள்ளைக்கோ இதே எண்ணைச் சொல்ல முடியாது.

2. எதனோடு ஒப்பிட்டது? ஒன்றும் கொடுக்காத நிலையோடு ஒப்பிட்டதன்று. பழைய சிகிச்சையே ஏறத்தாழ 88 பேரை நோயின்றி வைத்திருந்தது. புதிய மருந்து சேர்த்தது நூற்றுக்கு எட்டுப் பிள்ளைகளை. அந்த எட்டுப் பிள்ளைகளின் வீடுகளுக்கு அதுவே எல்லாம். ஆனால் இந்த மருந்து கிடைக்காத பிள்ளைக்கு வழியே இல்லை என்று எண்ணுவது பெரும் பிழை.

3. எவ்வளவு காலத்துக்கு, என்ன விலைக்கு? மூன்று ஆண்டுகளுக்கு. விலை என்பது பணம் மட்டுமன்று. மருந்து 28 நாள்கள் இரவு பகலாக நாளத்தினூடே ஏறிக்கொண்டிருக்க வேண்டும். ஆய்வில் அவ்வாறு இரண்டு சுற்றுகள் கொடுக்கப்பட்டன. மருந்து பெற்றவர்களில் ஒரு பகுதியினரிடம் குருதித் தொற்றுகள் கூடுதலாகக் காணப்பட்டன. தொற்றை உடனே கண்டு மருந்து கொடுக்கக்கூடிய வசதியோடு சேர்ந்ததே 96 என்ற எண்.

எங்கள் பிள்ளைகள், எங்கள் தூரம்

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி வருமானம் கூடிய நாடுகளில் புற்றுநோயுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 80 க்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள். வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள பல நாடுகளில் 30 க்கும் குறைவு. 2030 இல் உலகளவில் குறைந்தது 60 ஐ எட்டுவதென அந்நிறுவனம் 2018 இல் இலக்கு வைத்தது. இந்த இடைவெளியின் பெரும்பகுதி புதிய மருந்து இல்லாததால் வந்ததன்று. பிந்திய நோய்நிர்ணயம், இடையில் கைவிடப்படும் சிகிச்சை, தொற்றால் வரும் இறப்பு, பழைய மலிவான மருந்துகளுக்கே தட்டுப்பாடு ஏற்படுதல் ஆகியவைதான் பெருங் காரணங்கள். ஆகவே இவற்றையும் ஆராய வேண்டும்; வேறிடத்தில் கிடைத்த முடிவை அப்படியே இங்கு கொண்டுவந்தால் போதாது.

உடலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. வீட்டில் நாள்தோறும் கொடுக்கப்படும் மாத்திரை மேர்கப்டோபியூரின். சிலரின் உடல் இம்மருந்தைச் சரியாகச் செயலிழக்கச் செய்வதில்லை; வழமையான அளவே அவர்களுக்கு நஞ்சாகி வெண்கலங்களை ஆபத்தான அளவுக்கு வீழ்த்திவிடும். ஐரோப்பியரிடம் இதற்குக் காரணமான மரபணு முன்னரே தெரிந்திருந்தது. ஆனால் ஆசியப் பிள்ளைகள் பலரிடம் அந்த மரபணு வழமையாக இருந்தும் வெண்கலங்கள் வீழ்ந்தன. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், நட்-15 என்ற வேறொரு மரபணுவிலுள்ள மாற்றம் இதற்குக் காரணம் என்று காட்டின. அது கிழக்காசியரிடமும் தெற்காசியரிடமும் கூடுதலாகவும் ஐரோப்பியரிடம் அரிதாகவும் காணப்படுவது. ஆசியப் பிள்ளைகள் ஆய்வுகளில் இல்லாதிருந்தால் இது இன்னும் நெடுங்காலம் மறைந்திருக்கும்.

தூரத்திலிருந்து இன்னோர் எடுத்துக்காட்டு. திருகோணமலையிலிருந்து மஹரகமைக்கு 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ புறப்படும் குடும்பத்துக்கு அது இன்னும் நீளும். ஒவ்வொரு கிளினிக் நாளும் தந்தையின் ஒன்றிரண்டு நாள் கூலியை, கடலுக்குப் போகும் நாளை, வீட்டிலுள்ள மற்றப் பிள்ளையின் பாடசாலையை எடுத்துக்கொள்ளும். இத்தகைய நிலையில் மாத்திரைக் கட்டம் தளரும். அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று, மேர்கப்டோபியூரினை நூற்றுக்கு 95 வேளைகளுக்குக் குறைவாக எடுத்த பிள்ளைகளிடம் நோய் திரும்பும் ஆபத்துக் கூடியதைக் கண்டு 2012 இல் வெளியிட்டது. பிள்ளை தேறி ஓடியாடும் காலத்தில், சிகிச்சை முடிந்துவிட்டதென்று தோன்றும் காலத்தில், மாதத்துக்கு இரண்டு மூன்று மாத்திரை தவறுவதே இந்த வேறுபாட்டை உண்டாக்கப் போதும். புதிய மருந்தைப் பற்றிய செய்திக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு இந்த மாத்திரைக்குக் கிடைத்தால் நல்லது.

காய்ச்சலும் இத்தகையதே. கீமோ பெறும் பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால் அது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திருக்கவோ, பனடோல் கொடுத்துப் பார்க்கவோ, மஹரகமைக்கே நேரடியாகப் போக வாகனம் தேடவோ கூடாது. அருகிலுள்ள ஆதார அல்லது மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு உடனே போய், வாசலிலேயே 'பிள்ளை கீமோவில் இருக்கிறது' என்று சொல்லிக் கிளினிக் கொப்பியைக் காட்ட வேண்டும். வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்கொல்லி ஊசி தொடங்கப்படுவதே இலக்கு.

கையொப்பத்துக்கு முன்

இலங்கையில் மருந்து ஆய்வுகள் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவொன்றின் அனுமதியும் வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கம் 2006 இல் தொடங்கிய சிகிச்சை ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வுகளின் விபரங்களை எவரும் பார்க்கலாம். உலக மருத்துவச் சங்கம் 1964 இல் ஹெல்சின்கியில் ஏற்றுக்கொண்ட பிரகடனம், பங்குபற்றுபவரின் நலன் அறிவியலின் தேவைக்கு மேலானது என்று இன்று வகுக்கிறது. அதன் பிந்திய திருத்தம் 2024 இல் வந்தது. பெற்றோர் சம்மதித்தாலும், விளங்கிக்கொள்ளும் வயதிலுள்ள பிள்ளையிடமும் இசைவு கேட்கப்பட வேண்டும். அதன் மறுப்புக்கு மதிப்பளிக்க வேண்டும்.

படிவம் கையில் வரும்போது கேட்க வேண்டியவை:

1. ஆய்வில் சேராவிட்டால் பிள்ளைக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. இதற்குத் தெளிவான பதில் இல்லாமல் மற்றப் பதில்களை மதிப்பிட முடியாது.

2. இது எத்தனையாவது கட்ட ஆய்வு?

3. ஆய்வுக்காக மட்டும் கூடுதலாக எத்தனை முறை குருதி எடுக்கப்படும், முதுகுத்தண்டில் ஊசி போடப்படும், பயணம் செய்ய வேண்டும்? பயணச் செலவு யாருடையது?

4. தீங்கு நேர்ந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் யார் பொறுப்பு?

5. எடுக்கப்படும் குருதி எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படும்? வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தப்படுமா?

6. ஆய்வு முடிந்து மருந்து நல்லது என்று தெரிந்தால், அது எங்கள் பிள்ளைக்குத் தொடர்ந்து கிடைக்குமா?

தகவல் தாள் தமிழில் தரப்பட வேண்டும். வாயால் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, வேறு மொழியிலுள்ள தாளில் கையொப்பம் கேட்டால், தமிழ்ப் பிரதி வரும்வரை காத்திருக்கலாம் என்று சொல்லப் பெற்றோருக்கு உரிமை உண்டு. அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டியதில்லை. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், குடும்பத்தாரிடமும் நம்பிக்கையான வேறொரு வைத்தியரிடமும் காட்டலாம். சம்மதித்த பின்னரும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே, விலகலாம். அதனால் வழமையான சிகிச்சை குறையக் கூடாது. கையொப்பமிட்ட தாளின் ஒரு பிரதி பெற்றோரிடம் தரப்பட வேண்டும். அதில் ஆய்வாளரின் தொலைபேசி இலக்கமும் ஒழுக்கநெறிக் குழுவின் தொலைபேசி இலக்கமும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பார்த்து, அந்தத் தாளைக் கிளினிக் கொப்பிக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது.